சார்லட்டில் அடித்த காசு

புகை மணிக்கு ஷவர் தொப்பி மாட்டுகிற யோசனை ஜெயகௌரியுடையது. தோர்ண்டன் ஹீத்தில் யாரோ வீட்டுப் பொன்னுருக்கில் தங்கவேலைப் பத்தர் நெருப்பை மூட்டின கையோடு மணி அலறத் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர் பதறியடித்துத் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டு, வந்தவர்கள் கடைசியில் பயற்றம் பணியாரம் சாப்பிட்டுவிட்டுப் போன கதை லண்டன் முழுக்க இன்னும் உலாவுகிறது. தன் மகனுடைய பொன்னுருக்கும் அப்படி ஒரு கதையாகிவிடக் கூடாது என்பதில் அவள் கண்ணும் கருத்துமாக இருந்தாள். குட்மேய்ஸ் வீட்டு முன்னறையில் கதிரையில் ஏறி, கூரையில் இருந்த மணிக்குத் தொப்பியை இழுத்து மாட்டிவிட்டு, கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தாள். பூப்போட்ட தொப்பி. வேட்டியோடு படியிறங்கி வந்த நிருஜன் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

“அம்மா, திஸ் இஸ் சோ எம்பரசிங்.”

“பொன்னுருக்கு முடியக் கழட்டுவம். நீ வேட்டியை இறுக்கிக் கட்டு.”

பொன்னுருக்கு என்றால் என்னவென்று மணமகள் ஓவியாவின் தாய் கல்யாணி ஏற்கெனவே தொலைபேசியில் கேட்டு விளங்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் மதுரைப் பக்கம். தகப்பன் சுப்பிரமணியன் இங்கே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர். “நாங்க தாலியக் கடையிலயே வாங்கிருவோம் சம்பந்தி, உருக்குறதெல்லாம் எங்களுக்குத் தெரியாது” என்றாள் கல்யாணி. ஜெயகௌரி பெருமையோடு விளக்கினாள். கல்யாணத்துக்கு முதல் ஒரு நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில், ஒரு தங்கக் காசைச் சபைக்கு நடுவே உருக்கித் தாலி வேலையைத் தொடங்குவது எங்கள் வழக்கம். உருக்குவதற்கு முதல் அந்தக் காசுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தட்டில் ஏந்தி, வந்திருக்கிற எல்லோரிடமும் கொண்டுபோக வேண்டும். சிறுசு பெரிசு எல்லாம் தொட்டு வாழ்த்தின காசுதான் நெருப்புக்குள் போகும். பெண் மட்டும் அன்றைக்கு வரக்கூடாது. அதற்காக ஒரு இங்கிலீசுப் பவுண், மகாராணி தலை போட்ட தங்கப் பவுண், வாங்கி வந்து வைத்திருந்தது ஜெயகௌரியின் கணவர் அம்பலவாணன்.

காசு விசயத்தில் அந்த வீட்டில் அவரை நம்பி ஒரு காரியம் ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை. வழக்கமாக அந்த வீட்டில் காசு என்றால் ஜெயகௌரிதான். அதுவும் செலவழிக்கிற காசில்லை, சேர்க்கிற காசு. அதுவும் வேறு எந்த நாட்டுக் காசுமில்லை, அமெரிக்கக் காசு.

இது தொடங்கியது ஹீத்ரோவில். விமான நிலையத்தில் காசு மாற்றுகிற கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் வேலை செய்த காலம். ஒருநாள் ஒரு கிழவர் நீட்டின கட்டுக்குள் இருந்த ஒற்றை டொலர் நோட்டில் முத்திரை பச்சைக்குப் பதிலாக நீலமாக இருந்தது. கள்ள நோட்டாக்கும் என்று மேலாளரிடம் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, ஒரு காலத்தில் இந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரசாங்கம் பதிலுக்கு வெள்ளி கொடுத்தது, அதற்கு அடையாளம்தான் இந்த நீல முத்திரை என்றார். ஜெயகௌரி தன் பணப்பையில் இருந்து ஒரு டொலருக்கான காசைப் போட்டு அந்த நோட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு கடதாசித் துண்டு தன்னை வெள்ளி என்று நம்பச் சொல்லிக் கேட்டதும், ஒரு தேசமே அதை நம்பினதும் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்று பிடித்த பைத்தியம்.

பிறகு அவள் வீட்டுக்குள் என்னென்னவெல்லாமோ வந்து சேர்ந்தது. இப்போதைய நோட்டை விடப் பெரிதாக இருந்ததால் சேகரிப்பவர்கள் குதிரைப் போர்வை என்று பகிடியாகச் சொல்லுகிற அந்தக் காலத்து அகல நோட்டுகள். அமெரிக்க உள்நாட்டுச் சண்டையில் சனம் சில்லறையை எல்லாம் பதுக்கிவிட, வேறு வழியில்லாமல் அரசாங்கம் அச்சடித்த, பெட்டிக்கடை ரசீது அளவுகூட இல்லாத பத்து சதக் கடதாசிகள். வெள்ளி டொலர்கள். மற்றப் பெண்கள் சாறிக்கு அலுமாரி வைத்திருக்கிற இடத்தில் இவள் ஆல்பங்களுக்கு அலுமாரி வைத்திருந்தாள். அம்பலவாணனின் தம்பி மனைவி லோஜினி ஒருமுறை ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உதுகளைக் கடையில குடுத்தா எடுப்பினமோ அக்கா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து லோஜினிக்கு ஆல்பம் காட்டுவதில்லை என்று முடிவு. உறவுக்குள் ‘சில்லறை மாமி’ என்று தனக்கு ஒரு பெயர் உலாவுவதும் ஜெயகௌரிக்குத் தெரியும். தெரிந்து என்ன? புளூம்ஸ்பரியில் நடக்கிற நாணயச் சந்தைக்குக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு அவள் நுழைந்தால், மேசைக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைக்கார வியாபாரிகள் எழும்பி நின்று, “மிஸிஸ் அம்பல், உங்களுக்காக ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்” என்பார்கள். அந்த மரியாதையை லோஜினி எங்கே கண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு காசு. 1847ஆம் ஆண்டு, வட கரோலைனாவில் சார்லட் என்கிற ஊரில் அடித்த ஐந்து டொலர் தங்கக் காசு. அமெரிக்கக் காசு என்றால் பெரும்பாலும் பிலடெல்பியாவில் அடித்ததாக இருக்கும். சார்லட்டில் இருந்தது சின்ன நாணயசாலை, தங்கம் மட்டும் அடித்தது, கொஞ்சக் காலம்தான் இயங்கியது. காசின் பின்பக்கத்துக் கழுகின் காலுக்குக் கீழே கடுகளவு ‘சி’ எழுத்து இருந்தால் அது சார்லட் காசு. ஜெயகௌரி அந்த எழுத்துக்காக வருசக்கணக்கில் அலைந்தாள். ஏலங்களில் கை தூக்கி, விலை ஏற ஏறக் கையை இறக்கினாள். கடைசியில் இந்தப் புரட்டாதியில் சில வெள்ளி டொலர்களையும், அதோடு தன் சீதனக் காப்பில் ஒரு சோடியையும் விற்று அதை வாங்கினாள். உறவில் அது பெரிய கதையாகிப் போனது. இரண்டு காப்பைக் கொடுத்து ஒரு காப்பின் பாதி நிறைகூட இல்லாத காசை வாங்கினவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஜெயகௌரி யாருக்கும் பதில் சொல்லப் போகவில்லை. இல்பேர்டில் அவள் உறுப்பினராக இருக்கிற நாணயக் கழகம், தேவாலய மண்டபத்தின் பின்னறையில் பிஸ்கற்றும் தேத்தண்ணியுமாகக் கூடுகிற கிழவர்களின் கழகம், வருகிற மாதக் கூட்டத்தில் ‘சார்லட் தங்கம்’ பற்றிப் பேச அவளைக் கேட்டிருந்தது. அங்கே ஒரு தமிழ் மனுசி எழும்பிப் பேசப் போவது அதுதான் முதல் தடவை. நிகழ்ச்சி நிரலைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள், வருகிறவர் போகிறவர் கண்ணில் படட்டும் என்றுதான்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் காசு புதிதாக வந்தாலும் ஆல்பத்துக்குப் போகமுதல் பிள்ளையாரிடம் போகும். அந்த வீட்டில் சாமியறை என்றால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலுமாரி. ஒரு பக்கம் கோட்டுகள் தொங்கும், மறுபக்கம் தட்டில் பிள்ளையாரும் மற்றவர்களும் இருப்பார்கள். அடுத்த சதுர்த்தி வரைக்கும் காசு பிள்ளையாரின் காலடியில் இருக்க வேண்டும். சார்லட் காசும் அப்படித்தான் இருந்தது. நிபுணர்கள் தரம் பார்த்து மூடி ஒட்டின கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள், பெட்டியின் மேல் ஒரு சந்தனப் பொட்டோடு. தங்கப் பவுணையும் காலையில் குளித்துவிட்டு அதே பிள்ளையாரின் காலடியில் வைக்கும்படி அம்பலவாணனிடம் சொல்லியிருந்தாள். அவரும் ஓம் என்றார்.

இனிக் கமலாம்பிகை. அம்பலவாணனின் அக்கா, ஜெயகௌரிக்கு மச்சாள். வெஸ்ட் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறா. புருசன் தவறி நெடுங்காலம். ஜெயகௌரி ஹீத்ரோவுக்கு விடியற்காலை ஷிப்டுக்கு ஓடின வருசங்களில் நிருஜனுக்குச் சோறு தீத்தி, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போய், காய்ச்சலுக்கு இரவிரவாக முழித்திருந்தது இந்த மச்சாள்தான். ஆனால் வீட்டில் நல்ல காரியம் ஏதாவது வந்தால் மச்சாள் தானாகவே குசினிக்குள் போய்விடுவா. வடைக்கு அரைப்பது, பாத்திரம் கழுவுவது. யாரும் போகச் சொன்னதில்லை. ஒருவரும் வரச் சொன்னதுமில்லை. இந்த முறை ஜெயகௌரி பிடிவாதமாக நின்றாள். பொன்னுருக்குத் தட்டை மச்சாள்தான் அடுக்க வேண்டும், மச்சாள்தான் சபைக்குள் கொண்டு வரவும் வேண்டும்.

“எனக்கு வேண்டாம் கௌரி. சனம் கதைக்கும்.”

“கதைக்கட்டும். அவனை வளர்த்தது சனமே?”

சனம் கதைத்ததுதான். காலையில் வந்து இறங்கினவுடனே லோஜினி குசினிப் பக்கம் ஒதுங்கி, “அக்கா, சுமங்கலியள் இவ்வளவு பேர் இருக்க…” என்று இழுத்தாள். “இருக்கினம்தான். இருந்து சாப்பிடட்டும்” என்று ஜெயகௌரி வெட்டிவிட்டாள். ஆனால் லோஜினி விடுகிற ஆளில்லை. எங்காவது ஒரு சின்னப் பிழை நடக்குமா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவளைப் போல இன்னும் இரண்டு மூன்று பேரும்.

பதினொரு மணிக்கு முன்னறை நிறைந்துவிட்டது. சோபாக்களைத் தோட்டத்துக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். நிருஜன் பலகையில் இருந்தான். பக்கத்தில் தாயும் தகப்பனும். எதிரே கல்யாணியும் சுப்பிரமணியனும். பத்தர் ஒரு தகரத் தட்டத்தில் மணலைப் பரப்பி, அதன் நடுவே தங்கம் உருக்குகிற மூசையை, ஒரு சின்ன மண் கிண்ணத்தை, வைத்துச் சுவாலைக் குழாயைத் திறந்து பார்த்தார். நீலச் சுவாலை உஸ் என்று வந்தது. எல்லோருடைய கண்ணும் ஒருமுறை பூப்போட்ட தொப்பிக்குப் போய்த் திரும்பியது. மணி பேசாமல் இருந்தது. ஜெயகௌரிக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி.

கமலாம்பிகை தட்டோடு வந்தா. மடிப்புக் கலையாத பாக்கு நிறச் சேலை, நெற்றியில் திருநீறு. தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேசிக்காய், பூ, நடுவே ஒரு கிண்ணத்தில் அரிசி, அரிசி மேல் காசு. சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்த காசு. மூத்தவர்களில் இருந்து தொடங்கி ஒவ்வொருவராகத் தட்டு போனது. ஒவ்வொருவரும் காசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். சுப்பிரமணியன் காசைக் குனிந்து பார்த்து, “விக்டோரியா மகாராணியா? பழைய காசா இருக்கே” என்றார். “ஓம், சின்ன வயசு மகாராணி” என்றார் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர். “அப்ப அவ வடிவுதான்.” எல்லோரும் சிரித்தார்கள். மகாராணி எப்போது பழசானா என்று ஜெயகௌரி ஒரு கணம் யோசித்தாள். அம்பலவாணன் வாங்கி வந்த பவுண் புத்தம் புதிது.

கடைசியாகத் தட்டு அவளிடம் வந்தது.

“தொடு கௌரி” என்றா மச்சாள்.

அரிசி மேல் இருந்தது மகாராணி இல்லை. கொண்டை போட்ட தலை, முடியைப் பிடித்திருக்கிற சின்னக் கிரீடம், சுற்றிவர நட்சத்திரங்கள், கீழே குங்குமத்துக்குள் பாதி மறைந்த 1847. திருப்பிப் பார்க்கத் தேவையே இல்லை. தான் பெற்ற பிள்ளையைக் கூட்டத்துக்குள் யாராவது தேடுவார்களா?

என்ன நடந்திருக்கும் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளையாரின் காலடியில் ஒரு தங்கக் காசு இருக்கும், எடுங்கோ என்று சொன்னதே அவள்தான். இருந்தது ஒரு காசுதான். மச்சாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டிருக்கவில்லை. இந்தக் காலத்தில் கடைகளில் தங்கக் காசைப் பிளாஸ்டிக்கில் அடைத்துத்தானே விற்கிறார்கள். பெட்டி திறக்காமல் முரண்டு பிடித்திருக்கும். காலையில் குசினிக்குள் தேங்காய் உடைக்கிற கத்திச் சத்தம் இரண்டு தரம் கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. உண்மையான பவுண் எங்கே? அவள் தலையைத் திருப்பி அம்பலவாணனைப் பார்த்தாள். மனுசன் தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை மெல்லத் தன் சேர்ட் பொக்கற்றைத் தடவியது. பிறகு மாடிப்படிப் பக்கம், கோட்டுகள் தொங்குகிற அலுமாரியின் பக்கம், கண் போனது. போன இடத்திலேயே நின்றுவிட்டது.

ஒரு வார்த்தை போதும். பொறுங்கோ, காசு மாறிப் போச்சு என்று சொன்னால் முடிந்தது. காசுக்கு இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட்டால் சந்தனம் கழன்று போகும், குங்குமத்துக்கும் வழி இருக்கிறது, தேய்க்காமல் விட்டால் தரம்கூட அவ்வளவாகக் குறையாது. இவ்வளவும் அவள் தலைக்குள் ஓடியது. வருசக்கணக்காகத் தேடின காசு. அடுத்த மாதம் கழகத்து மேசையில் கறுப்பு வெல்வெற் மேல் வைக்கப் போகிற காசு. வாய் திறந்தும் விட்டாள்.

திறந்த வாயோடு லோஜினியைப் பார்த்தாள். லோஜினி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ பிழை என்று அவளுக்கு மணந்துவிட்டது. இனி ஜெயகௌரி சொல்லப் போகிற ஒரு வார்த்தையில் என்னென்ன முளைக்கும் என்பது அச்சடித்த மாதிரித் தெரிந்தது. எல்லோரும் தொட்டு வாழ்த்தின காசைத் திருப்பி எடுப்பதா. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறதே. யார் தட்டு அடுக்கினது? அதுக்குத்தான் அப்பவே சொன்னனான். அந்தச் சொல் வெஸ்ட் ஈலிங் கோயில் வாசலுக்கு மச்சாளுக்கு முன்னமே போய்ச் சேரும். நிருஜனுக்கும் ஓவியாவுக்கும் நாளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் இந்தத் தட்டைத்தான் நினைப்பார்கள். மச்சாள் திரும்பவும் குசினிக்குள் போவா. இந்த முறை கல்யாணத்துக்கும் வெளியில் வர மாட்டா.

கமலாம்பிகை தட்டை ஏந்திக்கொண்டு குனிந்தபடியே நின்றா. அவவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை ஜெயகௌரி இதற்கு முன் பார்த்ததில்லை.

ஜெயகௌரி காசைத் தொட்டாள். தொட்டுவிட்டு எழும்பினாள்.

“எல்லாரும் மகாராணி எண்டு சொல்லுறியள்” என்றாள். “இது மகாராணி இல்லை. இது இங்கிலீசுப் பவுணும் இல்லை. அமெரிக்காவில சார்லட் எண்ட ஊரில அடிச்ச காசு. என்ர காசு.”

அம்பலவாணன் தலை குனிந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நான் காப்பு வித்து வாங்கின காசு எண்டு நீங்கள் எல்லாரும் சிரிச்சியள். அந்தக் காசுதான் இது. என்ர மருமகளுக்குக் கடையில வாங்கின பவுணிலயே தாலி செய்ய விடுவன்? அதுக்குத்தான் மச்சாளிட்ட இதை எடுத்து வைக்கச் சொன்னனான்.”

கல்யாணி வாயில் கை வைத்தாள். ஜெயகௌரி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கழகத்துக்கென்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு நெஞ்சு வரை நிறைந்து கிடந்தது. இனி அந்தக் காசை வைத்துப் பேச இதைவிட்டால் வேறு சபை கிடைக்கப் போவதுமில்லை. இங்கிலீசில் மனப்பாடம் பண்ணினது தமிழில் தன்பாட்டில் வந்தது.

“அந்த ஊர்ப் பக்கம் ஒரு சின்னப் பொடியன் ஆத்துக்குள்ள ஒரு மஞ்சள் கல்லு கண்டெடுத்தவனாம். தங்கம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மூண்டு வருசம் அதைக் கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருந்திருக்கினம்.”

சபை சிரித்தது. பத்தர் சுவாலையைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

“பிறகுதான் விசயம் தெரிஞ்சு சனம் அள்ளுப்பட்டு வந்தது. தோண்டின தங்கத்தை அங்கயே காசாக்க ஒரு நாணயசாலை கட்டிச்சினம். இதில பாருங்கோ, முகம் கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கும். தேஞ்சு போனதில்லை, அங்க அடிக்கிறதே அப்பிடித்தான். அந்த மழுங்கலைப் பாத்தே சார்லட் எண்டு சொல்லலாம். பிறகு சண்டை வந்தது. நாணயசாலையை மூடிச்சினம். சண்டை முடிஞ்ச பிறகும் அங்க காசு அடிக்கவேயில்லை.”

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சண்டை வந்து மூடினது திறக்காமலே போவதென்றால் என்னவென்று அந்த அறையில் அநேகமானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

“அப்ப உது ஆரின்ர தலை, அக்கா?” என்று கேட்டாள் லோஜினி. குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“ஒருத்தியின்ர தலையும் இல்லை. சுதந்திரத்துக்கு அவை ஒரு பொம்பிளை முகம் குடுத்திருக்கினம். அவவுக்கு ராசாவும் இல்லை, புருசனும் இல்லை. கிரீடம் மட்டும் இருக்கு.” சொன்னவள் மச்சாளின் கையில் இருந்து தட்டை வாங்கவில்லை. “மச்சாள், நீங்களே பத்தரிட்டக் குடுங்கோ.”

கமலாம்பிகை கொடுத்தா. பத்தர் காசைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, ஜெயகௌரியை நிமிர்ந்து பார்த்தார். “அக்கா, உருக்கினா உருக்கினதுதான்.” “தெரியும்” என்றாள். “பவுணை விட மாத்துக் கொஞ்சம் குறைவு, கொஞ்சம் நல்ல தங்கம் சேக்க வேணும்.” “அதுவும் தெரியும்.” அவர் காசை மூசைக்குள் வைத்து வெண்காரத் தூளைத் தூவினார்.

சுவாலை பட்டதும் காசு முதலில் கறுத்தது. பிறகு சிவந்தது. அந்தச் சிவப்பில் கொண்டையும் கிரீடமும் நட்சத்திரங்களும் ஏலத்துப் படத்தில் கூட அவள் காணாத அளவுக்குத் துலக்கமாகத் தெரிந்தன. ஜெயகௌரி கண் வெட்டாமல் பார்த்தாள். தான் கடைசியாகப் பார்க்கிறவள், ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். விளிம்பு ஒரு பக்கம் தளர்ந்தது, முகம் ஆடியது, அடுத்த கணம் அங்கே முகம் இல்லை. குண்டுமணி போல ஒரு துளி தங்கம் மூசைக்குள் உருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது. அதே நேரம் நெஞ்சு நிமிர்ந்தும் இருந்தது. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க ஏலும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சுத்தான். சுப்பிரமணியன் இலையை விட்டு எழும்பி வந்து, “மியூசியத்துல இருக்க வேண்டியதுங்க அது” என்றார். கல்யாணி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. “எம்பொண்ணு கழுத்துல கிடக்கப் போறது என்னன்னு அவளுக்கு நானே சொல்றேன் சம்பந்தி. நீங்க சொன்ன மாதிரியே, கதவுக்கு முட்டுக் குடுத்தது வரைக்கும் சொல்றேன்.” ஆல்பங்களைப் பார்க்கலாமா என்று லோஜினி கேட்டாள். ஜெயகௌரி தன் பழைய முடிவைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தாள். குதிரைப் போர்வை நோட்டு ஒன்று உறையோடு கை மாறிக் கை மாறி முன்னறை முழுக்கப் போய் வந்தது. கமலாம்பிகை குசினிக்குள் போகவே இல்லை. வாளியும் கரண்டியுமாக முன்னறையில் நின்று பாயசம் பரிமாறினா. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், “என்ர கையாலதான் தட்டு அடுக்கினது” என்று சொன்னா.

அம்பலவாணன் ஒருமுறை பக்கத்தில் வந்து, “கௌரி, அது கோட்டுக்குள்ள…” என்று தொடங்கினார்.

“இருக்கட்டும். வாயை மட்டும் மூடிக்கொண்டு இருங்கோ.”

அவரும் மூடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கோட்டுக்கு யார் சொல்வது? பொழுது சாயச் சாயச் சனம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. ஜெயகௌரி கதிரையில் ஏறிப் புகை மணியின் தொப்பியைக் கழற்றினாள். இறங்கித் திரும்பியபோது மாடிப்படிக்குக் கீழே அலுமாரிக் கதவு திறந்திருந்தது. விளக்கு வைக்கப் போன கமலாம்பிகை தரையில் சப்பாணி கட்டி இருந்தா. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தா. தம்பியின் கோட் மடியில் கிடந்தது. அதற்குள் இருந்து எடுத்த புதுப் பவுண் அவவின் விரலுக்குள் மினுங்கியது. பக்கத்தில் குப்பைக் கூடைக்குள் இருந்து பொறுக்கிக் கழுவித் துடைத்த பிளாஸ்டிக் பெட்டியின் இரண்டு பாதிகள். ஒரு பாதியில் கத்தி வெட்டு ஓடியிருந்தது. மற்றதில் காசு இருந்த வட்டம் வெறுமையாக இருந்தது. மச்சாள் அந்த வட்டத்துக்குள் பவுணை வைத்துப் பெருவிரலால் அமர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்பியது.

ஜெயகௌரி சத்தம் போடாமல் பக்கத்தில் குந்தினாள்.

“இதுக்குள்ள இருக்குதில்லை” என்றா மச்சாள், தலையை நிமிர்த்தாமல்.

“இராது மச்சாள். பவுண் அதை விடக் கொஞ்சம் பெரிசு.”

“எவ்வளவு?”

“ஒரு மயிரிழை.”

மச்சாள் பவுணைத் திருப்பிப் பார்த்தா. மகாராணி, வயசான மகாராணி. பிறகு பெட்டியின் மேல் பாதியில் காசின் விபரம் அச்சடித்து ஒட்டியிருந்த கடதாசித் துண்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக் கூட்டி வாசித்தா.

“நீ அதைப் பாத்த உடனேயே தெரிஞ்சுதுதானே?”

“ஓம்.”

“எனக்கு ஒரு கண்ணைக் காட்டியிருக்கலாம் கௌரி. நான் ஏதும் சொல்லிச் சமாளிச்சிருப்பன். தட்டைக் கை தவறி விட்டிருப்பன்.”

“அதுக்குத்தான் காட்டேல்லை.”

குசினியில் அம்பலவாணன் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாகவே கேட்டது.

“அப்ப அடுத்த மாதம் அந்த வெள்ளைக்காரருக்கு என்னத்தைக் காட்டப் போறாய்?”

“தெரியேல்லை. பேச்சு நல்லாத்தான் வந்தது, என்ன?”

“நல்லா வந்தது” என்றா மச்சாள். “எனக்கே மெய் சிலிர்த்தது. நீ எல்லாம் நினைச்சுத்தான் செய்தனி எண்டு நானும் நம்பினனான்.”

கமலாம்பிகை பவுணைத் தம்பியின் கோட்டுக்குள்ளேயே திரும்ப வைத்தா. பெட்டியின் இரண்டு பாதிகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடித்து, வெட்டுப்பட்ட இடம் தெரியாத மாதிரித் திருப்பி, பிள்ளையாரின் காலில் சாய்த்து நிமிர்த்தி வைத்தா. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைத் தொட்டு, முன்பு பொட்டு இருந்த அதே இடத்தில் ஒரு பொட்டு வைத்தா. பிறகு விளக்கைக் கொளுத்தினா. காசு இருந்த வட்டத்துக்குள்ளால் பிள்ளையாரின் கால் பெருவிரல், வெண்கலத்தில், மஞ்சளாகத் தெரிந்தது.